கிண்டி வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வர்றீங்களா?

+2 முடித்த தம்பி தங்கைகளுக்கும் பெற்றோருக்கும் வணக்கம். நான் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. வர்ற சனிக்கிழமை காலை 9.30க்கு சர்தார் படேல் சாலை மெயின் கேட்டில் நிற்பேன். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி இது. சிவப்புக் கட்டடத்தில் ஆரம்பித்து டிபார்ட்மென்ட், லைப்ரரி, கேன்டீன் எல்லாம் காட்டுறேன். கட்டணம் எதுவும் இல்லை.

வர முடியாதவங்க இதையாவது கவனிங்க. பொறியியல் சேர்க்கைக்கான கவுன்சலிங் பட்டியலில் கல்லூரி கோடு 1 தான் கிண்டி. 4 என்பது குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி). பாடப்பிரிவு பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, ஃபீஸ் அதிகம். ஒரே பாடம் இரண்டு தடவை வருதேன்னு பலரும் குழம்புறது இங்கதான். அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து படிச்சவங்க 7.5% ஒதுக்கீட்டில் சேர்ந்தா கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும். அரசுப் பள்ளியில் படிச்சதுக்கான சர்டிபிகேட்டை இப்பவே வாங்கி வைங்க.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலைன்னா வாழ்க்கையே போச்சு"ன்னு புலம்புறவங்க கண்டிப்பா வாங்க. எங்க ஒர்க்‌ஷாப்பை முதல்ல காட்டுறேன்!

வர்றவங்க வெள்ளிக்கிழமை இரவுக்குள் பெயரும் எத்தனை பேர் என்றும் இங்கேயே போடுங்க. நிறைய நடக்கணும், தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க.