மைச் செலவு பற்றி நீ கேட்டது

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மகள் போன மாதம் வேலையில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் சுகம். ஆடிப்பெருக்குக்கு மாதிரிப் படங்களின் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து காலண்டர் ஆர்டர் குவிகிறது என்று எழுதியிருந்தாய். இனி தை பிறக்கும்வரை சிவகாசியில் உனக்கு ஓய்வேது!

படத்தின் நிறத்தை மை அளவாக மாற்றும் கலர் புரொஃபைலை மாற்றினாலே மை மிச்சமாகும் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனாராம், நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். நம்பலாம். ஆனால் அதில் மை மிச்சம் என்பதைவிடப் பெரிய லாபம் வேறொன்று இருக்கிறது.

நாம் அடிக்கும் நாலு மையில் சியான் (பச்சை கலந்த நீலம்) 50, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) 40, எல்லோ (மஞ்சள்) 40 சதவீதம் சேர்ந்தால் ஒரு நடுத்தரச் சாம்பல் வரும். ஏறக்குறைய அதே சாம்பலைப் பிளாக் 50 மட்டுமே தந்துவிடும். 130 சதவீத மை செய்த வேலையை 50 செய்கிறது, அதுவும் நாலில் விலை குறைந்த மை. பழுப்பு, கரும்பச்சை எல்லாவற்றிலும் இப்படி ஒரு சாம்பல் பங்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு மை நிறத்தைத் தரும், மூன்றாவது அதை மங்க வைக்க மட்டும் வந்து நிற்கும். அந்த மூன்றாவதன் வேலையைப் பிளாக்கிடம் ஒப்படைப்பதுதான் ஜிசிஆர் (கிரே காம்பொனென்ட் ரீப்ளேஸ்மென்ட்).

ஒரே இடத்தில் நாலு மையும் முழுதாக விழுந்தால் 400 சதவீதம். ஆர்ட் பேப்பரே 300, 330க்கு மேல் தாங்காது. செய்தித்தாளில் 240ஐத் தாண்டினாலே பின்பக்கம் தெரியும். உன் சாமி படங்களில் பின்னணி முழுக்க இருட்டு. ஐப்பசி மழையில் அந்த ஷீட்டுகளை அடுக்கி வைத்தால் ஈர மை மேல் ஷீட்டின் பின்பக்கம் ஒட்டி செட் ஆஃப் ஆகிறது என்று பவுடரை அள்ளி அடிக்கிறீர்கள், அப்புறம் லேமினேஷன் ஒட்டவில்லை என்கிறீர்கள். அந்த இருட்டை 280க்குக் கொண்டுவந்து பார். சீக்கிரம் காயும், மறுபக்கத்தைச் சீக்கிரம் ஏற்றலாம். சாம்பல் இடங்களைப் பிளாக் தாங்குவதால் சியானோ மெஜந்தாவோ கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நிறம் சாயாது. நிறம் சரியாக வரும்வரை ஓட்டிப் பார்க்கும் மேக்ரெடியில் வீணாகும் ஷீட்டும் குறையும். உங்கள் மாதிரி வேலையில் மையைவிடக் காகிதம்தானே பெரிய செலவு? அதனால் பணம் மிச்சமாவது மை டப்பாவில் அல்ல, வேஸ்ட் ஷீட்டில்தான் என்பது என் கணக்கு. ராப்பகலாக வெப் மிஷின் ஓட்டும் பத்திரிகைக்காரர்களுக்கு மைக்கணக்கே தனியாகக் கட்டுபடியாகும்.

எப்படி மாற்றுகிறார்கள் என்பதை விசாரித்துக்கொள். சாதாரண ஐசிசி புரொஃபைலில் சிஎம்ஒய்கே, அதாவது நாலு மையின் அளவு, முதலில் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மட்டும் குறிக்கும் லேப் என்ற பொதுக் கணக்குக்குப் போய், அங்கிருந்து மறுபடி சிஎம்ஒய்கே ஆகிறது. எந்த மையால் வந்த நிறம் என்பது லேப்புக்குத் தெரியாது. ராகு காலம், எமகண்டம் என்று பொடி எழுத்தில் பிளாக்கில் மட்டும் இருந்தது நாலு பிளேட்டிலும் விழுந்துவிடும். நாலு பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினால் போதும், எழுத்தைச் சுற்றிக் கலர் கரை தெரியும். சுத்த மஞ்சளிலும் சியான் புள்ளி வந்து அழுக்காக்கும். டிவைஸ் லிங்க் புரொஃபைல் லேப்புக்குப் போகாமல் மைக்கு மை நேராக மாற்றுகிறது. அதைத் தயாரிக்கும்போதே பிளாக் பிளாக்காகவே, மஞ்சள் மஞ்சளாகவே இருக்கட்டும் என்று கட்டுப்படுத்தலாம். அவரிடம் இருப்பது அதுதானா என்று கேள். பளபளப்பில்லாத மேப்லித்தோ காகிதத்துக்கும் ஆர்ட் பேப்பருக்கும் ஒரே புரொஃபைலைத் தருகிறார் என்றால் விட்டுவிடு.

முகத்தில் மட்டும் கை வைக்க விடாதே. லட்சுமியின் கன்னத்திலும் குழந்தை முருகனின் முகத்திலும் பிளாக் புள்ளி ஏறினால் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். மக்கள் அந்தப் படத்தை வருஷம் பூராவும் சுவரில் மாட்டிக் கும்பிடுகிறார்கள், அங்கே மை மிச்சம் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. தோல் நிறத்துக்கு லேசான ஜிசிஆர் போதும். பின்னணிக்கும் மண்டபத் தூண்களுக்கும் தாராளமாகப் போடலாம். மொத்தப் படத்துக்கும் உச்ச அளவு வைத்தால் இருட்டு ஆழம் இல்லாமல் வெளுத்துத் தெரியும்.

உன் மிஷின்மேனிடம் இரண்டு விஷயம் சொல்லிவை. இனி பிளாக் டென்சிட்டி, அதாவது மையின் அடர்த்தி, கொஞ்சம் ஏறினாலும் படம் முழுக்க இருட்டும், அதைக் கண்ணால் பார்க்காமல் டென்சிட்டோமீட்டரில் பார்க்க வேண்டும். ஆர்டர் கொடுத்த பார்ட்டி மிஷின் பக்கத்தில் நின்று “இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்றுங்க” என்றால் முன்போல ஏற்ற இடமிருக்காது. புரூஃபிலேயே சம்மதம் வாங்கிவிடுங்கள். மை மிச்சம் என்று சொல்லி யாரும் மிஷினில் மை விழும் அளவைத் திருகும் கீயைக் குறைக்கவும் கூடாது. படம் சோகை பிடித்துவிடும். குறைக்க வேண்டியதெல்லாம் பிளேட் போடுமுன் ஃபைலிலேயே முடிந்துவிட வேண்டும்.

போன வருஷத்து லட்சுமி படத்தின் ஃபைலை அனுப்பு. லேசாக ஒன்று, அழுத்தமாக ஒன்று என்று மாற்றித் தருகிறேன். பழையதையும் சேர்த்து மூன்றையும் ஒரே ஷீட்டில், ஒரே கீ வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அடி. அப்போதுதான் மை சமமாகப் போகும். ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாதே, மறுநாள் காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுது. ஒரு ஷீட்டை எனக்கும் பார்சலில் போட்டுவிடு.

அத்தையைச் சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

அன்புடன்,
கணேசன்