செம்மஞ்சள் பென்சில்

திருகோணமலை,
புதன் இரவு.

அன்பு மகளுக்கு,

போனில் கதைத்தால் குட்டி இடையில் வந்துவிடுவாள். அவள் காதில் விழக்கூடாத சிலதும் இதில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் கொடிக் கொப்பியைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினாளே, எவ்வளவு வடிவாகக் கீறியிருந்தாள்! முதல் பக்கத்தில் நோர்வேக் கொடி. அடுத்த பக்கத்தில் அந்த நாட்டின் வடக்கில் வாழ்கிற பழங்குடிகளான சாமி மக்களின் கொடி, அந்த வட்டத்தில் பாதி சிவப்புச் சூரியன், பாதி நீல நிலா. பெப்ரவரி 6 அவர்களின் நாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம். அந்த மக்களின் பிள்ளைகள் வகுப்பில் தங்கள் மொழியைக் கதைக்கக்கூடாது என்று ஒரு காலம் இருந்தது. இன்று அதே நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தக் கொடியைக் கீறுகிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவள் கேட்டாள், "அம்மம்மா, உங்கட கொடி எது?" நீ உடனே, "அம்மம்மாவுக்கு நித்திரை வருது" என்று போனை வாங்கிவிட்டாய்.

உன்னில் பிழை இல்லை. என்னிடம் பழகியதைத்தான் செய்தாய்.

உனக்கு அப்போது ஆறு வயது. ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போக, பையைத் திறந்து காட்டுவதற்காகக் கோட்டை வாசலில் வரிசையில் நின்றோம். நீ பறக்கிற கொடியை அண்ணாந்து பார்த்தாய். செம்மஞ்சள் கோடு தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்று முதல் நாள்தான் வகுப்பில் படித்திருந்தாய். "அம்மா, சிங்கம் ஏன் எங்கட கலரைப் பார்த்து வாள் பிடிச்சுக்கொண்டு நிக்குது?" என்று பலமாகக் கேட்டாய். நான் உன் வாயைப் பொத்தினேன். பொத்தின வேகத்தில் மோதிரம் பட்டு உன் சொண்டில் இரத்தம் வந்தது. காவலில் நின்ற பெடியனுக்குத் தமிழ் விளங்கவில்லை. உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பயம் முழுவதும் என்னிடம்தான் இருந்தது. திரும்பி வரும்போதும் மறுமொழி சொல்லாமல், கோட்டைக்குள் நின்ற மான்களைக் காட்டிக் கதையை மாற்றினேன்.

அந்த மறுமொழியை இப்போது தருகிறேன். 1948 இல் ஏற்றியது சிங்கக் கொடி மட்டும். இரண்டு கோடுகளையும் 1951 இல் சேர்த்தார்கள். அதற்காக அமைத்த குழுவில் இருந்த செனட்டர் நடேசன் உடன்படவில்லை. கோடுகள் சிங்கம் நிற்கிற கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன என்பது அவருடைய குறை. நாலு மூலையிலும் உள்ள அரசிலைகள் 1972 இல் வந்தவை. ஆறு வயதில் நீ கேட்டது, பெரியவர்கள் உட்கார்ந்து வாதாடின கேள்விக்குக் கிட்டத்தான் மகள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று, இதே ஊரில் கறுப்புக்கொடி ஏற்றப்போன நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். உன்னுடைய அம்மப்பா அந்தப் பெயரைச் சொல்லும்போது யன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்லுவார். இதைக் குட்டிக்கு இப்போது சொல்லாதே, பத்துப் பன்னிரண்டு வயது வரட்டும். சிங்கத்தையும் கோடுகளையும் இப்பவே சொல்லலாம். கீறுகிற பிள்ளைக்கு அது தன்பாட்டில் கண்ணில் படும்.

நோர்வேயின் தேசிய நாளான மே 17 க்கு என்ன செய்வதென்று போன வருஷம் கேட்டாய். நான் விலகிப் பேசினேன். அவள் ஊர்வலத்தில் போகட்டும். அரச மாளிகைக்கு முன்னால் படை அணிவகுப்புக்குப் பதிலாகப் பிள்ளைகள் கொடியோடு நடக்கிற நாள் அது, அந்தப் பிள்ளைகள் ஊர்வலம் 1870 இல் தொடங்கியது. கொடி அசைக்கட்டும், ஐஸ்கிரீம் எத்தனை வேணுமோ குடிக்கட்டும். மறுநாள் வருகிற முள்ளிவாய்க்கால் நினைவு நாளை நினைத்து நீ முகத்தை வாட வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்காதே. 18 ஆம் திகதி அரிசியும் உப்பும் மட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சுவாய்தானே, அதில் ஒரு கோப்பை அவளுக்கும் கொடு. ஏன் என்று கேட்டால், சாப்பாடு இல்லாமல் கிடந்த எங்கட ஆட்கள் இதைத்தான் குடித்தவை என்று சொல்லு. அந்த வயதுக்கு அது போதும்.

அவளுக்கு நான் சொல்லப்போகிற மறுமொழியையும் யோசித்து வைத்திருக்கிறேன். சாமியறையில் உள்ள நந்திக்கொடியைக் காட்டுவேன். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் கட்டுவோமே, நீயும் கதிரையில் ஏறி நின்று கட்டினாயே, அது. பிறகு நாட்டுக் கொடியையும் காட்டுவேன். அம்மம்மா இந்த நாட்டில்தான் பிறந்தவள், இந்தக் கோடு என்னுடையது, அது ஏன் ஓரத்தில் நிற்குது என்று நானும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீயும் பக்கத்தில் இரு. செம்மஞ்சள் பென்சில் கட்டையாகப் போய்விட்டது என்று சொன்னாள். அதற்குள் ஒன்று வாங்கி வை.

அன்புடன்,
அம்மா