ஒரு மாற்றாள் அனுப்புங்கள்

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான நலத்திட்டங்களை வகுப்போருக்கு,

வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். வரும் தாய்மாரிடம் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டு வந்தேன்: "வீட்டில் தினமும் பயிற்சி கொடுக்கிறீர்களா?" கணவர் விட்டுப்போய், நாலு வீட்டில் வேலை செய்து பிழைக்கும் ஒரு தாய், கோபமே இல்லாமல் திருப்பிக் கேட்டார்: "எப்பங்க?"

அன்றுதான் அவருடைய நாளைப் பற்றி விசாரித்தேன். பையனுக்குப் பதினொரு வயது. விழுங்கச் சிரமப்படுவதால் ஒரு வேளை ஊட்டவே முக்கால் மணி நேரம். அவசரப்பட்டால் புரையேறி உணவு நுரையீரலுக்குள் போய்விடும். படுக்கைப்புண் வராமல் இரவிலும் எழுந்து புரட்டிப் போட வேண்டும். பிள்ளைக்கு எடை கூடிக்கொண்டே போகிறது, தூக்குகிற முதுகு ஒன்றுதான். அவர் வேலைக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தால் உண்டு. நானோ வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்!

சான்றிதழ், உதவித்தொகை, சக்கர நாற்காலி எல்லாம் தருகிறீர்கள். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர் பிள்ளையைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்கிறார். அன்றைய கூலி போச்சு. மாறவே வாய்ப்பில்லாத ஊனத்துக்கும் மறுபடி மறுபடி சான்று கேட்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரம் முழுக்கத் தாய்க்கு. அவர் அதில் என்ன செய்தார் என்று கணக்குக் கேட்காதீர்கள். இது என் சொந்தக் கற்பனை அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, வறுமையில் இருக்கும் குடும்பங்களுக்கு அரசு செய்ய வேண்டியவற்றில் நிதியுதவி, பயிற்சி, ஆலோசனையோடு இத்தகைய மாற்றுப் பராமரிப்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. முதல் மூன்றையும் திட்டங்களில் பார்க்கிறேன். நான்காவதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"மூணு மணி நேரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவரிடமே கேட்டேன். பல் மருத்துவரிடம் பல்லைக் காட்டப் போவாராம். ஒரு வருடமாக வலிக்கிறதாம். "இவனை மடியில வச்சுக்கிட்டு அந்த நாற்காலியில எப்படிங்க வாயைத் திறந்து படுக்கிறது?"

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்