பேனாவையும் விட்டு வைங்க: இங்கிலீஷ் பரீட்சை நடத்துறவங்களுக்கு மலையகத்துல இருந்து ஒரு திறந்த மடல்

சர்வதேச இங்கிலீஷ் பரீட்சைகள நடத்துற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், இங்க கொழும்புல இருந்து அத ஏற்பாடு செய்யுறவங்களுக்கும்,

வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம் பின்னேரத்துல இங்கிலீஷ் கிளாஸ் எடுக்குற ஒரு டீச்சர். பன்னெண்டு வருஷமா எடுக்குறேன், வெளிநாட்டுல படிக்கவும் வேலை பாக்கவும் கேக்குற ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇன்னு எல்லா இங்கிலீஷ் பரீட்சைக்கும் பிள்ளைகளத் தயார் பண்ணி அனுப்பியிருக்கேன். பேப்பர்ல பேனாவால எழுதுறத விட்டுட்டு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போறதுன்னு நீங்க என்னென்ன மாத்தினீங்கன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்த மாத்தமெல்லாம் இந்த மலைக்கு வந்து சேரும்போது ஒரு புள்ளைக்கு என்ன ஆகுதுங்கிறது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல, அதச் சொல்லத்தான் இந்த மடல்.

போன மாசம் என்கிட்ட ரெண்டு வருஷம் படிச்ச ஒரு புள்ள கொழும்புக்குப் போய் ஐஇஎல்டிஎஸ் பரீட்சை எழுதிட்டு வந்துச்சு. தாதியர் பயிற்சி முடிச்ச புள்ள. அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க, அப்பா இல்ல. பேப்பர்ல எழுத டேட் கேட்டதுக்கு இப்ப இல்ல, கம்ப்யூட்டர்லதான்னு பதில் வந்துச்சு. எந்த சென்டர்னு பேர் போட விரும்பல, கவுண்டர்ல இருந்தவங்க மேல எனக்குக் கோவமும் இல்ல, மேல இருந்து வந்தத அவங்க சொன்னாங்க. ரிசல்ட் வந்தப்போ கேக்குறது, வாசிக்கிறது, பேசுறது மூணுலயும் தேவையான ஸ்கோர் வந்துருச்சு, ரைட்டிங்ல மட்டும் விழுந்துருச்சு. என்னால நம்பவே முடியல, ஏன்னா என் கிளாஸ்லயே நல்லா எழுதுற புள்ள அது. நாப்பது நிமிஷம் குடுத்தா சீஆர் கொப்பியில ரெண்டு பக்கம் நெருக்கி எழுதி, கடைசி அஞ்சு நிமிஷத்துல திரும்ப வாசிச்சுப் பிழை திருத்தி வைக்கும்.

என்ன நடந்துச்சுன்னு கேட்டா அழுதுச்சே தவிர ஒண்ணும் சொல்லல. சரின்னு அடுத்த நாள் வீட்டுக்கு வரச் சொல்லி என் லேப்டாப் முன்னாடி உக்கார வச்சு, தலைப்பு ஒண்ணு குடுத்து, நாப்பது நிமிஷம் மணி வச்சுட்டு நான் பின்னாடியே நின்னு பாத்தேன்.

ஐயா, அம்மா, நான் பாத்தத அப்படியே சொல்றேன். அந்தப் புள்ள வாழ்க்கையில டைப் பண்ணது எல்லாம் போன்ல, ரெண்டு பெருவிரலால. போன்ல முற்றுப்புள்ளி வச்சா அடுத்த எழுத்த அதுவே பெரிய எழுத்தாக்கிக் குடுக்கும், பாதிச் சொல்லு அடிச்சா மீதிய அதுவே காட்டும், பிழை விட்டா அதுவே திருத்தும். கீபோர்ட்ல இது எதுவும் இல்ல. ஒரு வசனம் தொடங்க கேப்ஸ் லொக்க அமத்துது, திரும்ப அமத்த மறந்துருது, அரை வரி பெரிய எழுத்துல போன பிறகுதான் தல நிமிந்து ஸ்கிரீனப் பாக்குது, எல்லாத்தையும் அழிக்குது, திரும்பவும் ஒரு விரலால ஒவ்வொரு எழுத்தாத் தேடுது. மேற்கோள் குறி எங்க இருக்குன்னு தேடவே இருபது செக்கன் போச்சு. அந்த இருபது செக்கன்ல மனசுல இருந்த வசனமும் போயிருது, அந்த முகத்துல அது தெரிஞ்சுச்சு. வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு, சொல்ல வந்தத மறந்துறக் கூடாதுன்னு. நாப்பது நிமிஷம் முடியும்போது ஸ்கிரீன்ல சொல்லுக் கணக்கு 187ல நின்னுச்சு. கேட்டது 250.

தேத்தண்ணி குடுத்து அர மணித்தியாலம் ஓய்வு எடுக்க விட்டுட்டு, வேற தலைப்பு ஒண்ணு குடுத்து கொப்பியில எழுதச் சொன்னேன். அதே நாப்பது நிமிஷம். எண்ணிப் பாத்தா 291 சொல்லு. ஒரே நாள், ஒரே புள்ள, ஒரே இங்கிலீஷ். அப்ப அந்த ரிசல்ட் அட்டையில இருக்குற நம்பர் எதோட நம்பர்? இங்கிலீஷோட நம்பர்னு அத வாங்கிப் பாக்குற ஆஸ்பத்திரிக்காரங்களும் யுனிவர்சிட்டிக்காரங்களும் நெனைக்குறாங்க. நான் பாத்த வரைக்கும் அது கீபோர்ட்ல விரல் ஓடுற வேகத்தோட நம்பர். முழு நாள் மலையில நின்ன மனுஷிக்கு அரைப்பேர்னு பாதி நாள் சம்பளம் போட்டா எப்படி வயிறு எரியுமோ அப்படித்தான் எனக்கு எரிஞ்சுச்சு.

ஒரு பகுதி விழுந்தா என்னன்னு யாராவது நெனைக்கலாம். பிரிட்டன்ல தாதியாப் பதியணும்னா ஐஇஎல்டிஎஸ்ல வாசிப்பு, கேட்டல், பேச்சு மூணுக்கும் 7, எழுத்துக்கு 6.5 கேக்குறாங்க. மொத்த ஸ்கோர் நல்லா இருந்தா மட்டும் காணாது, ஒண்ணு கொறஞ்சாலும் அந்தக் கதவு லேசுல தொறக்காது.

அதனால கேக்குறது ஒண்ணுதான். எழுத்துப் பகுதியக் கையால எழுதுற வழிய எங்க பிள்ளைகளுக்கு மூடிறாதீங்க. எல்லாருக்கும் பேப்பர் வேணும்னு நான் சொல்லல. கம்ப்யூட்டர்ல வசதி இருக்குங்கிறதையும் ஒத்துக்குறேன், பேப்பர்ல எழுதினா ரெண்டு கிழமை காத்திருக்கணும், கம்ப்யூட்டர்னா சில நாள்லயே ரிசல்ட் வருது, ஒரு பந்திய மேல கீழ மாத்தலாம், சொல்ல எண்ணிக்கிட்டு இருக்கத் தேவையில்ல. கொழும்புல வீட்டுல சின்ன வயசுல இருந்து கம்ப்யூட்டர் பாத்து வளந்த புள்ளைக்கு அதுதான் லேசு, அந்தப் புள்ள சந்தோஷமா அதுலயே எழுதட்டும். ஆனா எங்க பிள்ளைங்க அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில், ஓஎல், ஏஎல்னு பதிமூணு வருஷமும் பேனா பிடிச்சுத்தான் பரீட்சை எழுதுறாங்க. பதினாலாவது வருஷம் திடீர்னு பேனாவ வாங்கி வச்சுக்கிட்டு எழுதுன்னா எப்படி?

ஐஇஎல்டிஎஸ்ல காதால கேக்குற பகுதியிலயும் இதே கதைதான். பேப்பர்ல எழுதுறப்போ வினாத்தாள்லயே கிறுக்கி வச்சுட்டு கடைசியில பத்து நிமிஷத்துல ஆறுதலா விடைத்தாளுக்கு மாத்தி எழுதலாம், எழுத்துப்பிழை பாக்குறது அந்த பத்து நிமிஷத்துலதான். கம்ப்யூட்டர்ல கேக்கக் கேக்கவே டைப் பண்ணிறணும், முடிவுல சரி பாக்க ரெண்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷம் வேகமா டைப் பண்ற புள்ளைக்குத் தேவைப்படாது. மெதுவா டைப் பண்ற புள்ளைக்கு அடுத்த கேள்வி காதுல விழாமலே போயிருது. இத யாராவது முடிவு எடுக்குறப்போ யோசிச்சாங்களா?

கம்ப்யூட்டர்ல பழக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், அதுக்கும் பதில் சொல்றேன். என் கிளாஸ்ல இருக்குற பதினாலு பிள்ளைக்கு என்னோட ஒரு பழைய லேப்டாப்தான். கொமினிகேஷன் கடையில கம்ப்யூட்டர் இருக்கு, மணித்தியாலத்துக்குக் காசு. 2026 தொடக்கம் தோட்டத்துல நாட்சம்பளம் 1,550, வருகைக்கு அரசாங்கம் குடுக்குற 200ம் சேத்து 1,750. இருபத்தஞ்சு நாளும் ஒரு நாள் விடாம மலைக்குப் போனாலும் மாசத்துக்கு 44,000 ரூபா முழுசா வராது, அது உங்க பரீட்சை ஃபீஸுக்கே காணாது, அதுல எங்க டைப்பிங் பழகுறது. அந்தப் புள்ளையோட அம்மா ஃபீஸ் கட்ட சீட்டு எடுத்தாங்க. பரீட்சைக்குப் போறதுக்கும் முதல் நாள் ராத்திரியே ஹட்டன் வந்து பஸ் ஏறணும், அவிசாவளைப் பக்கமா நாலஞ்சு மணித்தியாலம், விடியக் காலையில கொழும்புல எறங்கி பஸ் ஸ்டாண்ட் பாத்ரூம்ல மூஞ்சி கழுவிட்டு நேரா ஹோலுக்கு. 2025 நவம்பர்ல டித்வா புயல்ல மண் சரிஞ்சு ரோடும் ரயில் பாதையும் போனப்போ பரீட்சைக்குப் பதிஞ்சு வச்சிருந்த பிள்ளைங்க என்ன பாடு பட்டாங்கன்னு கிட்ட இருந்து பாத்தவ நான். நுவரெலியாவுலயோ ஹட்டன்லயோ பதுளையிலயோ மாசத்துல ஒரு நாளாவது கம்ப்யூட்டர் வச்சு ஒரு ஹோல்ல பழக விட்டீங்கன்னா நானே பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வரேன்.

வீட்டுல இருந்தே எழுதலாமேன்னு டோஃபல் பக்கம் ஒரு வழி இருக்கு. ரூமுக்குள்ள வேற யாரும் வரக்கூடாது, சத்தம் இருக்கக்கூடாது, கேமரா முழு நேரமும் ஓடணும், கவரேஜ் அறுந்துறக் கூடாது. தோட்டத்துச் சனம் வரிசையா ஒட்டி இருக்குற லயத்துல ஒரு வீடுங்கிறது பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பரா. அதுக்குள்ள ஆறு பேரு. பக்கத்து வீட்டுல பேசுறது சுவர் வழியா இங்க கேக்கும், மழ வந்தா தகரத்து மேல விழுற சத்தத்துல பக்கத்துல இருக்குறவங்க பேசுறதே கேக்காது. பரீட்சை நேரத்துக்கு ஆறு பேரும் வெளிய மழையில நின்னாலும் கரண்ட் போகாதுன்னு யாரு சொல்றது.

மாத்துறது தப்புன்னு நான் சொல்ல வரல. 2022ல அவுஸ்திரேலியாவுல தொடங்கி ஐஇஎல்டிஎஸ்ல விழுந்த ஒரு பகுதிய மட்டும் திரும்ப எழுத விட்டாங்க, நல்ல காரியம், மனசார சொல்றேன். ஆனா அதுவும் கம்ப்யூட்டர்ல எழுதினவங்களுக்குத்தான்னு வச்சுட்டாங்க, டைப்பிங்கால விழுந்த புள்ள திரும்பவும் காசு கட்டி அதே கீபோர்ட் முன்னாடிதான் போய் உக்காரணும். டோஃபல் 2023 ஜூலையில மூணு மணித்தியாலத்துல இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்கு வந்துச்சு, பழைய கட்டுரை போய் வகுப்புக் கலந்துரையாடல் மாதிரி ஒரு எழுத்து வந்துச்சு, அதுக்குப் புத்தகம் தேடி போட்டோகொப்பி அடிச்சுப் பிள்ளைகளுக்குக் குடுத்து முடிக்க, 2026 ஜனவரி 21ல இருந்து மறுபடியும் எல்லாம் மாறிருச்சு. 2005ல இருந்து 120க்குப் போட்டுக்கிட்டு இருந்த ஸ்கோர் 1ல இருந்து 6ன்னு ஆயிருச்சு, வாசிக்கிறதுலயும் கேக்குறதுலயும் முதல் கட்டத்த நீ எப்படிச் செஞ்சியோ அதுக்கேத்த மாதிரி அடுத்த கட்டம் லேசாவோ கஷ்டமாவோ வருது. ஒரு அம்மா என்கிட்ட வந்து, டீச்சர் எங்க புள்ள 90 எடுக்கணும்னு சொன்னீங்களே இப்ப ஆறுக்குள்ளதான்னு சொல்றாங்களேன்னு கேட்டாங்க, அவங்களுக்கு இத வெளங்கப்படுத்த எனக்கு ஒரு மணித்தியாலம் ஆச்சு. கொழுந்து நிறுக்குற தராச மாத்தினா முதல்ல கொழுந்து எடுக்குறவங்களுக்குச் சொல்லணும். தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதிப் போட உங்களால முடியாதா?

கோவத்துல எழுதுறேன்னு எனக்கே தெரியுது, இருந்தாலும் சொல்லிறேன். எங்க சனத்துக்கு எந்தக் கதவும் நேரத்துக்குத் தொறந்ததில்ல. 1948ல குடியுரிமையப் பறிச்சாங்க, நாடில்லாம மிச்சம் இருந்தவங்களுக்கு அது சட்டமாத் திரும்பிக் கிடைக்க 2003 ஆச்சு. தோட்டப் பள்ளிக்கூடங்கள 1970கள்லதான் அரசாங்கம் ஒவ்வொண்ணாப் பொறுப்பேக்கத் தொடங்குச்சு, இன்னைக்கும் இங்கிலீஷ் டீச்சர் இல்லாத பள்ளிக்கூடம் எனக்குத் தெரிஞ்சே இருக்கு. அப்படி இருந்தும் லயத்து வாசல்ல உக்காந்து படிச்சு ஒரு புள்ள இங்கிலீஷ்ல பேசி, கேட்டு, வாசிச்சு, கையால பிழையில்லாம எழுதுற அளவுக்கு வந்து நிக்குது. இந்தக் கஷ்டமெல்லாம் உங்களால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்து நிக்கிற அந்தப் புள்ளைக்கு முன்னாடி புதுசா ஒரு கதவப் போடாதீங்கன்னுதான் சொல்றேன்.

மரியாதையாவே திரும்பவும் கேக்குறேன், எழுத்துப் பகுதிய மட்டுமாவது பேனாவால எழுதலாம்ங்கிற தெரிவ மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு விட்டு வைங்க. மத்த மூணையும் இப்ப இருக்குற மாதிரியே வைங்க, அதுக்கு நாங்க பழகிக்கிறோம். பேப்பர் திருத்த ஆள் வேணும், செலவு கூடும்னா அந்தக் கணக்கையும் சொல்லுங்க, கேக்கத் தயாராத்தான் இருக்கோம். முடியாதுன்னா அதையாவது வெளிப்படையாச் சொல்லுங்க, எங்கயாவது கடன் வாங்கியாவது ரெண்டு கம்ப்யூட்டர் எடுத்துப் போட நான் இப்பவே ஓடணும்.

அந்தப் புள்ள திரும்ப எழுதப் போகுது. அம்மா இன்னொரு சீட்டுக்குப் பேர் குடுத்துட்டாங்க. கிளாஸ் முடிஞ்சு மத்தப் பிள்ளைங்க போன பிறகு ராத்திரி எட்டு மணி வரைக்கும் என் லேப்டாப்ல உக்காந்து டைப் அடிச்சுப் பழகுது, அண்ணன் டார்ச் எடுத்துக்கிட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போறான். நேத்து 204 சொல்லு வந்துச்சு. பரீட்சைக்கு இன்னும் அஞ்சு கிழமை இருக்கு, அதுக்குள்ள உங்க பதில் வந்தா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்து இங்கிலீஷ் டீச்சர்