மொட்டை மாடி லேசர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அனகாபுத்தூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் சக்கரங்கள்கூடத் தெரியும். சென்ற வாரம் பக்கத்து மாடியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை லேசர் லைட்டை அப்படி ஒரு விமானத்தை நோக்கித் தூக்கினான். சத்தம் போட்டுத் தடுத்தேன். "சின்னப் புள்ளிதானே தாத்தா, அவ்ளோ தூரத்துல என்ன ஆகும்?" என்றான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்திய நானும் என் மாணவர்களுக்கு இதைச் சொன்னதில்லை என்பது உறுத்துகிறது.

இரவு அவனைத் தெருவுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். பக்கத்துச் சுவரில் மிளகளவு இருந்த புள்ளி, நூறு மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உள்ளங்கை அகலம் விரிந்து கிடந்தது. ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு மீட்டர் அகலம். விமானியின் முகம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். முன்கண்ணாடியிலுள்ள நுண்ணிய கீறல்களில் பட்டு ஒளி சிதறும்போது விமானியறையே பச்சையாகிவிடுகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சில நொடிகள் ஓடுபாதை விளக்குகள் தெரியாது. இறங்கும் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 250 கி.மீ. ஐந்து நொடி கண் கூசினால் ஏறக்குறைய 350 மீட்டர் கடந்திருக்கும், அதுவும் தரைக்கு மிக அருகில்.

2025 மே மாதம் துபாயிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு சென்னையில் இறங்கிய விமானத்தின்மீது பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் அடித்தார்கள். நல்லவேளை, பத்திரமாகத் தரையிறங்கியது. 2016 பிப்ரவரியில் லண்டனிலிருந்து நியூயார்க் கிளம்பிய விமானம், துணை விமானியின் கண்ணில் லேசர் பட்டதால் வழியிலேயே லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கே திரும்பியது. அமெரிக்காவில் 2023இல் மட்டும் இப்படி 13,304 புகார்கள் பதிவாயின.

பையனின் பெற்றோருக்கு இன்னொன்றையும் சொன்னேன். பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவதுபோல, நம் கண்ணின் வில்லை லேசரை விழித்திரையில் ஒரே இடத்தில் குவித்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. பிள்ளை அழாமலே இருப்பான். பிறகு கரும்பலகையைப் பார்க்கும்போது நடுவில் மட்டும் எழுத்து மறையும். அந்தப் புண் முழுதாக ஆறும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது.

ஒளியின் திறன் பாதுகாப்பான அளவில்தான் இருக்கிறது என்று காட்ட, '5 மில்லிவாட்டுக்குக் கீழ்' என்று ஒட்டியிருக்கும் சீட்டை நம்பியும் பயனில்லை. அமெரிக்கத் தேசியத் தர அளவீட்டு நிறுவனம் 2013இல் 122 லேசர் பாயின்டர்களைச் சோதித்தபோது, பச்சை நிறத்தவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிமுறையை மீறியிருந்தன. மலிவான பச்சை லேசர்களில், வடிகட்டி இல்லாததால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்து வெளியேறுவதுண்டு. அது கண்ணுக்கே தெரியாததால் இமை தானாக மூடிக் காப்பாற்றாது.

விமான நிலையத்தைச் சுற்றி லேசர் அடிக்கக் கூடாது என்று காவல்துறை தடை போடுகிறது. சரிதான். ஆனால் அந்த லைட்டை ஊதுகுழலோடும் பலூனோடும் சேர்த்துக் கூவி விற்பவரையும், அவருக்குச் சரக்குப் போடுபவரையும் யாரும் கேட்பதில்லை. பிடிபடுவது என்னவோ மாடியில் நிற்கும் பையன்தான். ஓடுபாதையை ஒட்டிய பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், ஆலந்தூர் பள்ளிகளிலாவது காவல்துறை நேரில் வந்து ஒரு மணி நேரம் பேசட்டும். திருவிழாக் கடைகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே பச்சை லேசர் விற்கக் கூடாது என்று எழுதி வாங்கட்டும்.

பையனின் லைட் பேட்டரி கழற்றப்பட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எங்கள் தெருக்கோயிலில் அடுத்த ஆடித் திருவிழாவுக்கு அதே கடைக்காரர் வருவார். அதற்குள் இது நடக்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அனகாபுத்தூர், சென்னை