அண்ணனுக்கு, படகு உடைத்த பிறகு

அண்ணே,

படகை உடைக்கக் கொடுத்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. கீச்சாங்குப்பத்துப் பையன் ஒருவன் போனில் படம் அனுப்பித்தான் தெரிந்தது. அடிக்கட்டையான ஏராவும், விலா எலும்புபோல் நிற்கிற நாலைந்து வங்குகளும்தான் மிச்சம் நின்றன. ஏன் உடைத்தாய் என்று கேட்கமாட்டேன். டீசல் விலையும், மரப்படகு தின்கிற பணமும் எனக்கும் தெரியும். பங்கு, கடன் பற்றியெல்லாம் இங்கே ஒரு வார்த்தை எழுதமாட்டேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை நேரில் பேசுவோம்.

நீ சென்னைக்கு வந்து என் படங்களைப் பார்த்த அன்று ஒரு கேள்வி கேட்டாயே, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். "இத்தனை படகு போட்டிருக்க, ஒண்ணுலயும் ஆளு இல்லையேடா?" சுற்றி ஆட்கள் நின்றதால் சிரித்து மழுப்பிவிட்டேன்.

வெளியாட்கள் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1888-இல் ஓவியர் வான்கோ பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து சாந்த் மரி என்ற கடலோர ஊருக்குப் போய்ச் சில நாள் தங்கினார். படகுகள் விடியற்காலையிலேயே கடலுக்குப் போய்விடுவதால் கரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்ட அவருக்கு நேரமில்லை. அவசரமாகக் கோட்டோவியம் போட்டுக்கொண்டு போய் ஆர்லில் வைத்துத்தான் வண்ண ஓவியமாக்கினார். அதில் மணலில் கிடக்கிற நான்கு படகுகளிலும் ஆள் கிடையாது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். சொல்வது அத்தனையும் உண்மைதான். ஆனால் என் காரணம் அது இல்லை.

2004 டிசம்பர் 26-க்கு மூன்றாம் நாள், அக்கரைப்பேட்டைப் பாலத்துப் பக்கம். விசைப்படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நம் படகு கவிழாமல், அதன் முன்முனையான அணியம் வானத்தைப் பார்க்க, வேறொரு படகின் மேல் சாய்ந்திருந்தது. அடிப்பலகை நாலு கை அகலத்துக்குப் பிளந்திருந்தது. ஆனால் அணியத்தில் நான் எழுதிய பெயரில் ஒரு கீறல்கூட இல்லை. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிப் பை என் தோளில்தான் தொங்கியது. நோட்டை எடுத்தேன். முதல் எழுத்தின் கொம்பை வரைந்துகொண்டிருந்தபோது நீ பின்னால் வந்து நின்றாய்.

"ஆளத் தேடிக்கிட்டு அலையுறோம், நீ படகு வரையுறியாடா?"

யாரைத் தேடிக்கொண்டிருந்தோம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரையும் எழுதமாட்டேன். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நமக்கு அந்தக் கணக்கு எதற்கு?

உன் முகத்தை அன்று பார்த்ததை இன்றுவரை மறக்கவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கிறேன், முழு மனதோடுதான் கேட்கிறேன். ஆனால் நான் தேடாமல் இருந்தேன் என்று மட்டும் நினைக்காதே. நீ ஆஸ்பத்திரி வாசலில் ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தாய். அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பெயர் எங்கே எழுதியிருந்ததோ அங்கேயே என் கண் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் படகை வரைந்தாலும், அதில் ஓர் ஆளை உட்கார வைக்கப் போனால் கை யாரைப் போடப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போடுவதில்லை.

2003 மீன்பிடித் தடைக்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது 45 நாள்தான் தடை. 61 நாள் ஆனது 2017-இல். கடுவையாற்றுக் கரை முழுக்கச் சுரண்டல் சத்தம், இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கிற சத்தம். பட்டி தேய்த்துக் காய்ந்த பலகையில் நூல் பிடித்து நான் எழுத, நீ தண்ணீர்ப் பக்கம் நின்றுகொண்டு "மேல ஏறுது, மேல ஏறுது" என்று கத்தினாய். அணியம் வளைந்து ஏறுகிற இடத்தில் எழுத்தை நேராகப் போட்டால், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது சரிந்து தெரியும். கடைசி இரண்டு எழுத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். கல்லூரியில் எந்தப் பாடமும் எனக்கு அவ்வளவு சொல்லித்தரவில்லை. படகுமேல் எனக்கு வந்த பைத்தியம் அன்று வந்ததுதான். அதைத் தந்தவன் நீ.

அப்படித் தந்தவன், பழுது பார்த்து மறுபடி கடலில் இறக்கியபோது பெயர் எழுத என்னைக் கூப்பிட்டாயா? வேறு ஆளை வைத்து எழுதினாய். ஒவ்வொரு தடைக்காலமும் வேறு ஆள். ஊருக்கு வந்தால் படகுப் பக்கம் என்னை அழைத்துப் போகமாட்டாய். கேட்டால், ஃபைபர் படகு வந்த பிறகு கரையில் பார்க்க என்ன இருக்கிறது என்பாய். அதுவும் உண்மைதான். கட்டைகளை அவிழ்த்து மணலில் காயவைத்திருப்பார்களே, அந்தக் கட்டுமரங்கள் சுனாமி நிவாரணத்துக்குப் பிறகு கண்ணில் படுவதே அரிது. அச்சில் வார்த்த ஃபைபர் ஒன்றுபோல் ஒன்று இருக்கிறது. நாலு பேர் உயிரோடு சீக்கிரம் கரை திரும்ப அது உதவுகிறது என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னைத் தள்ளி வைத்ததற்கு அது காரணம் இல்லை, உனக்கே தெரியும். இத்தனை வருஷம் ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு என்னைத் தண்டித்தாய். நாம் தேடிய அவள் எனக்கும் பிள்ளைதான் அண்ணே.

போன வாரம் மதினி போனில் ஒன்று சொன்னார்கள். படகு முழுக்க மரம் தெரியச் சுரண்டினாலும், பெயர் இருக்கிற இடத்தை மட்டும் நீ சுரண்ட விட்டதே இல்லையாமே. பழைய எழுத்தின் மேலேயே எழுதச் சொல்வாயாம். அப்படியானால் மற்றவர்கள் எழுதியதற்கெல்லாம் அடியில் இருப்பது என் எழுத்து. இதை நீயே என்னிடம் சொல்லியிருக்கலாம்.

அந்த நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதை உன்னிடம் கொடுக்கத்தான் வருகிறேன். நீ பார்த்தாலும் சரி, பரணில் போட்டாலும் சரி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அணியத்துப் பலகை இரண்டையும் விறகுக்குப் போடாமல் எடுத்து வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். இடப்பக்கத்துப் பலகையை நீ வைத்துக்கொள். வலப்பக்கத்தை எனக்குக் கொடு. வண்டியோடு வருகிறேன், ஏற்றிவிட நீயும் ஒரு கை பிடிக்க வேண்டும். உடைத்தவர்கள் அதையும் அறுத்துக் கொண்டுபோயிருந்தால், இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடு.

உன் தம்பி