ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர்களே, வணக்கம்.

உங்களில் பலர் என்னைப் போலவே ஆங்கில ஆசிரியர்கள். விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து வந்து, முப்பது நாற்பது பிள்ளைகளின் பேச்சை ஒரே மூச்சில் கேட்பது எவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு போட்டிக்கு எங்கள் அரசுப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்துப் போனேன். தலைப்பு நீர் சேமிப்பு. அவள் தன் ஊர் ஏரியைப் பற்றிப் பேசினாள். மதகு என்பதற்கு ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நொடி நின்றாள். மதகு என்றே சொல்லிவிட்டு, ஏரித் தண்ணீர் எங்கள் வயலுக்குப் போகிற சின்னக் கதவு என்று எளிய ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்தக் கதவு துருப்பிடித்து இறுகிப்போனதால் கடைமடைக்குத் தண்ணீர் வராமல், அவளுடைய தாத்தா நெல் போடுவதையே நிறுத்திவிட்டார். அதைச் சொன்னபோது, அதுவரை செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பின்வரிசைப் பெற்றோர்கள் தலை நிமிர்ந்து கேட்டார்கள்.

பரிசு வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. முடிவை அறிவிக்கும் முன் நடுவர் ஒருவர், ஒரு மாணவி நடுவில் தமிழ்ச் சொல்லைக் கலந்துவிட்டார், தாய்மொழிச் சாயலும் அதிகம் என்று பொதுவாகச் சொன்னார். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் கேட்டாள்: "மிஸ், நான் பேசினது அவங்களுக்குப் புரியலையா?"

புரிந்தது. அந்த அரங்கில் எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததற்கு நடுவர்களின் தாளில் மதிப்பெண் இல்லை, அவ்வளவுதான். உச்சரிப்புக்கு ஒரு கட்டம், தோற்றத்துக்கு ஒரு கட்டம், மனனத்துக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. கேட்பவரிடம் விஷயம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் கட்டம் எங்கேயும் இல்லை.

ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலை நீங்கள் அறிவீர்கள். ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் கொண்டது. சொல் கைகொடுக்காதபோது அதைச் சுற்றி வளைத்து விளக்கி ஈடுகட்டுவதை அது தனித் திறனாகவே வைத்திருக்கிறது. என் மாணவி மதகுக்குச் செய்தது அதைத்தான். நாம் அதைத் தவறு என்று குறித்துக்கொண்டோம். 2020-இல் வந்த அதன் துணைத் தொகுதியில், கற்கும் மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவரையே அளவாகக் காட்டிய வாசகங்களையும் எடுத்துவிட்டார்கள்.

சாயல் பற்றியும் சொல்ல வேண்டும். 1995-இல் மன்ரோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள், சீன மாண்டரினைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலப் பேச்சை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொன்னார்கள். சாயல் மிக அதிகம் என்று கேட்டவர்களே மதிப்பிட்ட பேச்சுகளைக்கூடப் பல இடங்களில் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். சாயல் வேறு, புரியாமை வேறு.

இதற்காக உச்சரிப்பையே பார்க்காதீர்கள் என்று கேட்கவில்லை. ஸ்கூலை இஸ்கூல் என்றால் யாருக்கும் பொருள் மாறாது, விட்டுவிடலாம். ஃபைல் என்பதைப் பைல் என்றால் கோப்பு குவியலாகிவிடும்; அங்கே கேட்பவர் தடுமாறினால் குறையுங்கள். ஒரு சொல்லில் அழுத்தம் இடம் மாறி, அது என்ன சொல் என்றே தெரியாமல் போனாலும் அப்படித்தான். அளவுகோல் நம் காது தடுமாறியதா என்பதாக இருக்கட்டும், லண்டனில் எப்படிச் சொல்வார்கள் என்பதாக வேண்டாம்.

1924-இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று சென்னை வரை கிளைவிட்டிருக்கும், மேடைப் பேச்சுக்குப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் பேச்சுப் போட்டித் தாளைப் பாருங்கள். பொருளுக்கு 50, பேசும் முறைக்கு 30, மொழிக்கு 20. அந்த இருபதிலும் இலக்கணம், உச்சரிப்பு போன்ற சரி பிழைகளுக்குப் பத்துதான். இந்தப் போட்டியை அப்படியே பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் பேச்சை அளப்பதே வேலையாக இருப்பவர்கள் பிழைக்கு நூற்றுக்குப் பத்து வைக்கும்போது, நாம் ஏன் பாதியை வைக்கிறோம்?

அப்புறம், மனப்பாடம். அன்று முதல் பரிசு பெற்ற பேச்சு தடங்கலே இல்லாமல் ஓடியது. அந்தப் பிள்ளையும் வாரக்கணக்கில் உழைத்திருப்பான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ எழுதித் தந்த மூன்று பக்கத்தை ஒப்பித்தானா, தானே யோசித்துப் பேசினானா என்பது ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் எளிய ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். ஆளுக்கு ஒரு கேள்விதான், கடினமும் ஒரே அளவாக இருக்கட்டும். பதில் உடனே வராவிட்டால் பத்து நொடி பொறுங்கள். தமிழில் ஆண்டு விழாவையே தொகுத்து வழங்கும் பிள்ளைக்கும் ஆங்கிலத்தில் நா வறண்டுபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேடை பயமும் அந்நிய மொழி பயமும் ஒரே நேரத்தில் வந்து உட்காருகின்றன.

செலவில்லாத இன்னும் மூன்று வேலைகள் இருக்கின்றன. போட்டி தொடங்கும் முன் பழைய பேச்சுப் பதிவு ஒன்றை நடுவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்து, தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஒப்பிட்டுப் பேசுங்கள். ஒருவர் எட்டும் இன்னொருவர் நான்கும் போட்டிருந்தால் அது அங்கேயே வெளிவரட்டும், பிள்ளைகளின் தலையில் விடிய வேண்டாம். மதிப்பெண் தாளைப் போட்டி அறிவிப்போடு எங்களுக்கு அனுப்புங்கள். முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நன்றாகச் செய்தது எது, அடுத்த முறை மாற்ற வேண்டியது எது, அது போதும்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வு இருக்கிறதே என்று தயங்கினேன், அவள் விடவில்லை. இந்த ஆண்டும் வருகிறாள். மதகுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சின்னக் கதவு என்றே சொல்லப் போகிறாளாம், தாத்தாவுக்கு அதுதான் புரிகிறதாம். பேசி முடித்ததும் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை